பம்ப் பெரிசாக இருந்தால் போதுமா?

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. நீ இன்னும் மூர்த்தி சார் மாதிரி கையை வைத்தே பேரிங் சூட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது டீசல் யூனிட்டுக்குப் பம்ப் வாங்குகிறோம். எங்கள் ஸ்பெக்கில் இன்னமும் ஏ.பி.ஐ. 610-இன், அதாவது அந்த அமெரிக்கப் பம்ப் ஸ்டாண்டர்டின், பதினோராம் பதிப்புதான் இருந்தது, 2010-இல் வந்தது. பன்னிரண்டாம் பதிப்பு 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதை மாற்ற வைக்கப் பட்ட பாடு உனக்குப் புரியும். கடைசியில் மாற்றிவிட்டார்கள்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் டேட்டாஷீட் வந்தது. வழக்கமான ஓட்டம் மணிக்கு 200 கனமீட்டர். பிராசஸ்காரர்கள் பத்து சதவீதம் கூட்டினார்கள், கன்சல்டன்ட் தன் பங்குக்கு இன்னொரு பத்து, அப்புறம் எதிர்கால விரிவாக்கம். ரேட்டட் ஓட்டம், அதாவது பம்பை எந்த ஓட்டத்துக்கு ஆர்டர் செய்கிறோமோ அது, 260-க்குப் போய்விட்டது. வெண்டர் கொடுத்த பம்பின் பி.இ.பி., அதாவது அது அதிகபட்சத் திறனோடு ஓடும் ஓட்டம், 270. ரேட்டட் ஓட்டம் பி.இ.பி.யில் 80-இலிருந்து 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. 200 என்பதும் பி.இ.பி.யில் 74 சதவீதம். 70 முதல் 120 வரை உகந்த பகுதி என்பதால் அதுவும் பாஸ். ஆனால் யூனிட் அறுபது சதவீத லோடில் ஓடும்போது? 120 கனமீட்டர், பி.இ.பி.யில் 44 சதவீதம்தான். முதல் சில வருஷங்கள் அப்படித்தான் ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள்!

அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் பம்ப் எப்படி ஓடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பழைய யூனிட்டில் அப்படி ஓடுவது ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நின்றால் உள்ளே ஜல்லி உருள்வது போலச் சத்தம். பிரித்துப் பார்த்தால் உள்ளே சுழலும் இம்பெல்லரின் நுழைவாயில் இதழ்களில் குழி குழியாக அரிப்பு, ஷாப்ட் ஓரமாகக் கசியாமல் தடுக்கும் சீலின் கார்பன் முகத்தின் ஓரம் பொடிந்திருக்கிறது. சீல் முகத்தில் ஷாப்ட் விலகல் 50 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று ஸ்டாண்டர்டு கேட்பது சும்மா இல்லைடா. உள்ளே ஓடுவது சூடான டீசல். சீல் போனால் ராத்திரி ஷிப்டில் ஓடிப்போய் வால்வை மூடப்போகிறவன் யாரோ ஒரு சின்னப் பையன். எனக்குத் தூக்கம் வராத காரணம் அதுதான்.

நான் கேட்பது இவ்வளவுதான்: ரேட்டட் ஓட்டத்தை 220-க்குக் குறையுங்கள், அதற்கேற்ற சின்ன பம்ப் போடுங்கள். குறைந்தபட்ச ஓட்டத்துக்குத் தனி பைபாஸ் லைன் வையுங்கள். விரிவாக்கத்துக்கு இப்போது பவுண்டேஷன் மட்டும் போட்டு வைத்தால் போதும், இன்னொரு பம்ப் பிறகு வரட்டும். 'பெரிசாக இருந்தால் நல்லதுதானே' என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

வெள்ளிக்கிழமை கூட்டம். நீ பம்புகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட்டிலேயே இருப்பவன். இதே சைஸில் ஓவர்ஹங் பம்ப் (இம்பெல்லர் ஷாப்ட் நுனியில் தொங்குமே, அது) ஒன்றை 45 சதவீத ஓட்டத்தில் ஓட்டியபோது பதிவான அதிர்வு கிராப் இருந்தால், வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டு அனுப்பு. ரேட்டட் புள்ளியில் 3 மி.மீ./செகண்டுக்குள் நின்றது, கீழே இறங்க இறங்க எவ்வளவு ஏறியது என்று அதைக் காட்டினால் வாயைத் திறக்க மாட்டார்கள். வியாழன் சாயங்காலத்துக்குள் வேண்டும்.

ரேவதிக்கும் பசங்களுக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
குமார்