எண்ணூர் தொட்டியும் குளிரில் நிற்கும் கான்கிரீட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் வந்ததிலிருந்து, எங்கள் பக்கத்து டீக்கடையில் ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது: "மைனஸ் 162 டிகிரி சரக்கு சார் அது, கசிஞ்சா தொட்டியோட வெளிச்சுவர் கான்கிரீட் கண்ணாடி மாதிரி நொறுங்கிடும்." முப்பது வருஷம் சைட்டில் கான்கிரீட் போட்டவன் நான். பயப்படுவது சரி, ஆனால் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, தண்ணீரில் 28 நாள் ஊறவைத்து, வெளியே எடுத்து அழுத்தி உடைத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே ஈரக் கியூபை அந்தக் குளிருக்குக் கொண்டுபோய் அழுத்தினால் இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் பாரம் தாங்கும். சிமெண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகி, துளையை அடைத்து, தானும் சேர்ந்து சுமக்கிறது. நன்றாகக் காய்ந்த கான்கிரீட்டில் இந்தப் பலன் குறைவு.

கவலை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றித்தான். லோடு இறங்கியதும் ஒரு 16 எம்எம் கம்பியை வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தில் முடியளவு விரிசலாவது தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். அதே சாதாரணக் கம்பி கடுங்குளிரில் வளைகிற குணத்தையே இழந்துவிடும், ஒரு கீறல் இருந்தால் போதும், இழுக்கும்போது நீளாமல் பட்டென்று முறியும். அமெரிக்காவில் கிளீவ்லண்டில் 1944 அக்டோபர் 20 அன்று எல்என்ஜி தொட்டி உடைந்து சுமார் 130 பேர் செத்தார்கள், திரவத்தைத் தாங்கும் அந்த உள்தொட்டி 3.5 சதவீத நிக்கல் எஃகு. இப்போது உள்தொட்டியின் எஃகில் 9 சதவீதம் நிக்கல் சேர்க்கிறார்கள். நடுவில் குளிர்காப்பு இருப்பதால் வெளிச்சுவர் சாதாரணமாகக் குளிர்வதில்லை, கசிந்தால்தான் சோதனை. அதற்காகவே இந்த மாதிரி சுவரை பிரீஸ்ட்ரெஸ் செய்து, அதாவது உள்ளே எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, இறுக்குகிறார்கள், திரவம் படக்கூடிய இடத்தில் குளிர் தாங்கும் தனிக் கம்பி கட்டுகிறார்கள்.

அப்புறம் ஒன்று. ஒரு தடவை உறைவதைவிட, உறைந்து உருகி மறுபடி உறைவதுதான் கான்கிரீட்டைத் தின்னும். தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருகி வெடிப்பு விடும், உருகியதும் அந்த வெடிப்பிலேயே மறுபடி தண்ணீர் இறங்கும்.

அடுத்த முறை இந்தத் தொட்டிகளைப் பற்றிச் செய்தி போடும்போது, சுவரில் எந்தக் கம்பி, அதை எத்தனை டிகிரி குளிரில் இழுத்துச் சோதித்தார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். வடசென்னையில் அதை வரி விடாமல் படிப்போம்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருவொற்றியூர், சென்னை