பேச்சுப் போட்டி நடத்தும் அண்ணன்மார், அக்காமார்களுக்கு

காசிமேட்டில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய பேச்சுப் போட்டியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். 'பணத்தால் அன்பை வாங்க முடியுமா?' என்பது தலைப்பு. பேசிய பிள்ளைகள் எல்லோரும் பணம் பேய், பிசாசு என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். இது மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அம்மாவின் நகை அடகுக் கடையில் கிடக்கிற பிள்ளையை இப்படிப் பேச வைத்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

பழைய கதைகள் அப்படிச் சொல்லவே இல்லை. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவியின் மாலையை, அதை விற்க வந்த கூனியிடம் 1,008 கழஞ்சு பொன் கொடுத்து வாங்குகிறான் கோவலன். மாதவி அவனை மெய்யாகவே நேசித்தாள். அந்த நேசம் மாலையின் விலையில் சேர்ந்ததில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. புகார்க் கடற்கரையில் அவள் பாடியதும், வேறு எவனையோ நினைத்துப் பாடுகிறாள் என்று எழுந்து போய்விட்டான். (முதலில் பாடி வம்பை ஆரம்பித்தவன் அவன்தான்.) விலை கொடுத்து உள்ளே வந்தவனுக்கு, அடுத்தவனும் அதே வழியில் வருவான் என்ற பயம் விடாது. ஊழ்வினை என்பார்கள் தமிழாசிரியர்கள். சரி, இருக்கட்டும்.

அப்புறம் எல்லாம் தொலைத்து வீடு திரும்புகிறான். கண்ணகி கணக்குக் கேட்கவில்லை. 'சிலம்புள கொண்ம்' (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்) என்றாள், அவ்வளவுதான். நம் தெருவில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, "இந்தா, வச்சிக்கினு வா" என்கிறார்களே, அதே குரல். அந்தச் சிலம்பும் விற்கத்தானே மதுரைக்குப் போனது? காசு வேண்டாம் என்று இளங்கோ எங்கே சொன்னார்?

1861இல் வந்த ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' நாவலிலும் இதே கதைதான். நெசவாளியின் திருடுபோன தங்கம் பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்து மேசைமேல் இருக்கிறது. அன்று இரவே, நெசவாளி வளர்த்த பெண்ணைக் கேட்டு, அவளைப் பெற்ற தகப்பன், வசதியானவன், வருகிறான். அவள் போக மறுக்கிறாள். அதற்காகத் தங்கத்தை யாரும் தூக்கி எறியவில்லை.

அடுத்த போட்டிக்குக் கண்ணகியின் அந்தச் சொல்லையே தலைப்பாக வையுங்கள். நடுவர் நாற்காலி ஒன்றை மீன் விற்கும் அம்மா ஒருவருக்குக் கொடுங்கள். தடைக்காலம் முடிந்த பிறகென்றால், ஏலம் முடித்து, வியாபாரம் பார்த்து அவர் வர மதியம் ஆகும். அதற்கேற்ப நேரம் வையுங்கள்.