நன்றியுரையில் இடம் கிடைக்காதவர்களுக்கு

வணக்கம்.

காற்றிலுள்ள மீத்தேனைச் சூரிய ஒளியின் நிறமாலையிலிருந்து அளப்பது பற்றிய என் ஆய்வேடு போன மாதம் ஏற்கப்பட்டது. வழிகாட்டி, வீட்டார், நண்பர்கள் என்று எழுதியதிலேயே நன்றியுரைப் பக்கம் நிரம்பிவிட்டது. விட்டுப்போனவர்களுக்கு இந்த மடல்.

அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஹைட்ரான் (HITRAN) என்னும் நிறமாலைத் தரவுத்தளத்தைக் கட்டிக் காத்து வருபவர்கள். எந்த மூலக்கூறு எந்த அலையெண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் ஒளி அலைகளின் எண்ணிக்கை) எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று கோடு கோடாகச் சொல்லும் பட்டியல் அது; உறிஞ்சும் ஒவ்வோர் இடமும் நிறமாலையில் ஒரு கோடு. 1973-இல் நீராவி, ஓசோன், மீத்தேன் உள்ளிட்ட 7 வாயுக்களோடு வந்தது; 2020 பதிப்பில் 55 மூலக்கூறுகள். பல பத்தாண்டுகள் அதைச் சுமந்த லாரன்ஸ் ராத்மனுக்கும், இப்போது ஹார்வர்ட் ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் நடத்திவரும் யூலி கார்டன் குழுவினருக்கும் நன்றி.

இரண்டாம் ஆண்டில் மூன்று மாதம் தூக்கமில்லை. அளந்த நிறமாலையிலிருந்து, ஹைட்ரானை வைத்துக் கணக்கிட்டதைக் கழித்தால் ஒவ்வொரு மீத்தேன் கோட்டிலும் நடுவில் பள்ளம், இரு ஓரங்களிலும் மேடு. கருவியைச் சந்தேகித்தேன். கண்ணாடிகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். கடைசியில் இந்தத் துறையில் தரவு பராமரிக்கும் ஒருவருக்கு வரைபடத்தோடு எழுதினேன். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அகலத்தை எந்த இடத்திலிருந்து படிக்கிறீர்கள்?"

ஹைட்ரான் பட்டியலில் ஒரு கோட்டுக்கு ஒரு வரி, வரிக்கு 160 எழுத்து. 36 முதல் 40 வரையான எழுத்துகள், காற்று மோதுவதால் கோடு அகலும் அளவு. 41 முதல் 45 வரை அதே வாயு தன்னோடு மோதுவதால் அகலும் அளவு. என் நிரல் இரண்டாவதைப் படித்துக்கொண்டிருந்தது. அன்றிரவே திருத்தினேன். பள்ளமும் மேடும் போய்விட்டன. முகம் தெரியாத மாணவனுக்காக நேரம் ஒதுக்கிய அந்த மனிதரை மறக்க முடியாது.

அதன்பிறகுதான் அந்த வரிகளை முழுதாகப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு மிகப் பிடித்தவை கடைசிப் பகுதியில் வரும் ஆறு இலக்கங்கள். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நம்பலாம் என்று அவை சொல்கின்றன. உறிஞ்சும் வலிமைக்கு 8 என்றால் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. 2 என்றால் வெறும் சராசரி அல்லது உத்தேசம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த எண்ணை எங்கே இறுகப் பிடிக்கலாம், எங்கே தளர விடலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நேர்மைதான். பக்கத்திலேயே மேற்கோள் எண்களும் உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உழைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாயுவை நிரப்பி, அழுத்தமும் வெப்பமும் அசையாமல் காத்து, நாள்கணக்கில் அளந்தவர்களுக்கு நன்றி. ஆய்வகத்தில் அளக்க முடியாதவற்றைக் குவாண்டம் இயக்கவியலிலிருந்து கணக்கிட்டுத் தந்தவர்களுக்கும், இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் எது சரி என்று வரி வரியாக ஒப்பிட்டவர்களுக்கும் நன்றி. உங்கள் மூலக் கட்டுரைகளைத் தேடி எடுத்து என் ஆய்வேட்டில் தனித்தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

அன்று பதில் எழுதியவருக்கு ஆய்வேட்டின் ஒரு படி அஞ்சலில் அனுப்பியாயிற்று. 36-ஆம் எழுத்தைப் பற்றிச் சொல்லும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாளும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மீத்தேன் அளக்கும் ஓர் ஆய்வு மாணவன்