கையெழுத்து வாங்கும் முன் காரணத்தைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற தை மாதத் தொடக்கத்தில் என் சித்தி மகளுக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு வயது 31. மூன்று மாதமாகத் தள்ளித் தள்ளி வந்த மாதவிடாய், வந்தால் பத்து நாளுக்கு நிற்காமல் போனதால், பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போயிருக்கிறாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நீர்க்கட்டி இருக்கிறது, விட்டால் புற்றுநோயாக மாறிவிடும், இரண்டு பிள்ளைகளும் பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது, இனி அந்தப் பை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். தாலிக்கொடி நீங்கலாக இருந்த நகைகள் அடகுக் கடைக்குப் போயின; ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. பார்க்கப் போன நான் தலையணைக்கு அடியிலிருந்த டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளில், கருப்பையோடு, கருமுட்டை உண்டாகும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டதாக ஒரு வரி இருந்தது. அவளிடம் கேட்டேன். "கட்டியை எடுத்தாங்கன்னுதான் நெனச்சேன்க்கா" என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவில், மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அறுவை சிகிச்சையே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்கே 47ஆவது வயதில் கருப்பை அகற்றப்பட்டது. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர எனக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. அவளுக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

நான் ஒரு துணை அஞ்சலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். 44 வயதில் எனக்கு உதிரப்போக்கு அதிகமாகத் தொடங்கியபோது, வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்." கவுன்டரில் உட்கார்ந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, முதியோர் உதவித்தொகை, பதிவுத் தபால் என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், இடையில் எழுந்து போக முடியாது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து நாற்காலியில் போட்டு, கரும்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு உட்காருவேன். கைப்பையில் மாற்றுப் புடவையும் உள்பாவாடையும் எப்போதும் இருக்கும். மாலையில் வரிசை கலைந்த பிறகும் எழுந்திருக்கப் பயமாக இருக்கும். எல்லாரும் போகட்டும் என்று காலி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தபோதுதான் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஹீமோகுளோபின் 7.2 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

இந்தத் துன்பத்துக்குத் தமிழில் வெகு காலமாகவே ஒரு பெயர் உண்டு: பெரும்பாடு. சித்த மருத்துவம் இன்றும் இச்சொல்லையே ஆள்கிறது. பெயர் இருந்தும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசும் வழக்கம் நமக்கு இல்லாததால், எவ்வளவு போனால் அதிகம் என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவ நூல்களின் பழைய கணக்கு. அளவுக் குவளையோடு யாரும் குளியலறைக்குப் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகளாக விழுகிறதா, மாற்றுவதற்காகவே நள்ளிரவில் எழ வேண்டியிருக்கிறதா, எட்டு நாளைத் தாண்டுகிறதா, நடுவில் திட்டுத் திட்டாகப் படுகிறதா என்று பார்த்தால் போதும். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் "எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்றார். நிம்மதி என்ற சொல் எவ்வளவு கவர்ச்சியானது என்பது மாதத்தில் பாதி நாள் இரத்தத்தில் கிடப்பவருக்குத்தான் புரியும். அன்றே சரி என்று சொல்லியிருப்பேன். மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரே காரணத்தால் தள்ளிப் போட்டேன். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்த இளம் மருத்துவர், ஸ்கேன் தாளைத் தொடும் முன்பே, தைராய்டு பார்த்திருக்கிறீர்களா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ இரத்தம் நிற்கத் தாமதமானதா, கருத்தடைக்குக் காப்பர் டி போட்டிருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றும் உதிரப்போக்கை அதிகமாக்கக்கூடிய காரணம் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

காரணம் பல. கருப்பைக்குள் சிறு சதை வளர்ச்சி இருக்கலாம், நார்க்கட்டி இருக்கலாம், உள்படலம் தசைச் சுவருக்குள் புகுந்து கருப்பையே தடித்துப் போயிருக்கலாம், கருமுட்டை மாதந்தோறும் சரியாக வெளிவராமல் ஹார்மோன் தடுமாறலாம், பரம்பரையாக இரத்தம் உறையும் தன்மை குறைவாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் இக்காரணங்களை ஒன்பதாக வகைப்படுத்திவைத்திருக்கிறது. அவற்றுள் கருப்பையின் அமைப்பில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நான்கில்தான். மற்றவற்றுள் பலவற்றில் கருப்பையை வெட்டி எடுத்தால் போக்கு நிற்கும், காரணம் உடம்பிலேயே இருக்கும். தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை இருக்கக் கருப்பையை எடுப்பது, ஓட்டைக் குழாயை அடைக்காமல் தொட்டியை இடிப்பது போன்றது. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கும், உடல் பருமன், நீரிழிவு உள்ளவருக்கும் உள்படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது முக்கியம். எனக்குத் துணுக்கில் கெடுதல் எதுவும் இல்லை. கருப்பைச் சுவர்தான் தடித்திருந்தது.

சிகிச்சையைப் பற்றி அந்த மருத்துவர் சொன்னதையும், பிற்பாடு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்; மருத்துவர் சொல்லாமல் எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். டிரானெக்சாமிக் அமில மாத்திரையைப் போக்கு அதிகமாக உள்ள நாள்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இரத்தக் குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மெலாக்சிஃபென் என்ற மருந்து, சாயா என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருத்தடை மாத்திரையாக இலவசமாகத் தரப்படுகிறது. அதே மருந்தை உதிரப்போக்குக்கும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அடுத்தது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம். இதன் பெயரைச் சொன்னதுமே பெண்கள் "காப்பர் டி வேண்டாம்மா" என்று பின்வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் பின்வாங்கினேன். இரண்டும் பார்வைக்கு ஒரே வடிவம்; உதிரப்போக்கைப் பொறுத்தவரை நேர் எதிர். செம்பு உள்ளது போக்கைக் கூட்டலாம். ஹார்மோன் உள்ளது உள்படலத்தை மெலிதாக்கிப் போக்கை வெகுவாகக் குறைக்கும். சிலருக்கு மாதவிடாயே வராமலும் போகும். முதல் சில மாதங்கள் திட்டுத் திட்டாகப் படும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். இவை தவிர, உள்படலத்தைச் சுட்டுக் கருக்குவது, நார்க்கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

எனக்கு அந்த வளையத்தை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆனது. இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றி ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டது. ஒன்றே கால் ஆண்டு நன்றாக இருந்தேன். கரும்பச்சைப் புடவையைத் தவிர்த்து வேறு நிறமும் கட்டினேன். பிறகு என் கருப்பை பெரிதாக இருந்ததால் வளையம் தானாகவே நழுவி விழுந்துவிட்டது. மறுபடியும் மாத்திரை, போக்கு குறைந்தாலும் வலி குறையவில்லை. அதன் பிறகுதான், இனி எடுத்துவிடலாம் என்று நானே கேட்டேன். பெண்ணுறுப்பு வழியாகவே எடுத்தார்கள், வயிற்றில் தையல் இல்லை. சினைப்பைகளை விட்டுவிட வேண்டும் என்று பேசி முடிவெடுத்து, அதை ஒப்புதல் படிவத்தில் எழுதியும் வாங்கிக்கொண்டேன். ஆறு வாரம் குடம் தூக்கவில்லை.

இதற்கு மாறான கதையும் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் அத்தைக்கு மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 58 வயதில், ஒரு நாள் கறை பட்டது. "வயசு திரும்புது போல" என்று அவரே சிரித்துக்கொண்டு மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சோதித்ததில் கருப்பை உள்படலப் புற்றுநோய், நல்லவேளை தொடக்க நிலை. அவருக்கு எல்லாவற்றையும் எடுத்தார்கள், எடுக்கத்தான் வேண்டும். அவர் இன்றும் அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் 31 வயதுப் பெண்ணின் சினைப்பையில் தெரியும் சாதாரண நீர்க்கட்டி வேறு. அவற்றில் பல, இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே வற்றிவிடுபவை. அந்த வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் மறுநாளே வந்து நிற்கிறது: உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, பின்னாளில் எலும்புத் தேய்மானம், இதய நோய்க்கான வாய்ப்பு. இந்த இழப்புக்கு ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் என்றுகூட அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ள முடியாது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.2 சதவீதத்தினர் கருப்பையை இழந்திருந்தார்கள். ஆந்திரத்தில் அது 8.9 சதவீதம். இந்திய அளவில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் மிகுந்த உதிரப்போக்கு அல்லது வலி. மூன்றில் இரண்டு பங்கு அறுவை சிகிச்சைகள் தனியாரிடம் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019இல் செய்தி வந்து, அரசு கணக்கெடுத்தபோது, 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நடந்ததாக மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 5.4.2023 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைப்பதும் அந்த நெறிமுறைகளில் அடக்கம்.

நம் மாவட்டத்தில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், புகாரை யாரிடம் கொடுப்பது என்பதை மருத்துவமனைகளின் வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும், கருப்பை அகற்ற ஒப்புதல் கேட்கும் முன், உதிரப்போக்குக்கான காரணம் என்ன, இதுவரை எந்த மாற்றுச் சிகிச்சை தரப்பட்டது, சினைப்பைகள் இருக்குமா போகுமா என்ற மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவசரம் இல்லாத நோயாளிக்கு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் தர வேண்டும். ஹார்மோன் வளையத்தை அரசு மருத்துவமனைகள் விலையின்றித் தர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும் சகோதரிகள், "மாசா மாசம் எவ்வளவு போகுது?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்; ஏனென்றால் அதே தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் நடந்தபோது தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. கீரையும் முருங்கையும் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போவதோடு இது தீராது.

என் சித்தி மகளை வரும் செவ்வாய்க்கிழமை அதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். எடுத்த சினைப்பைகளின் திசுப் பரிசோதனை முடிவைக் கேட்டு அந்தத் தனியார் மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்விட்டு வந்தோம், இன்னும் கொடுக்கவில்லை. அவளை அடையாளம் காண வாய்ப்புண்டு என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி