வட்டியை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா

எங்கள் ஊர் வங்கிக் கிளையின் மேலாளர் அவர்களுக்கும், அவருக்கு மேலே மண்டல அலுவலகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். கும்பகோணத்துப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள் நான். வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். பதினோரு வருஷமாக உங்கள் கிளையில் நகைக்கடன் வைக்கிறோம், மீட்கிறோம், மறுபடி வைக்கிறோம். ஒரு தடவைகூட எங்கள் பெயரில் ஏல நோட்டீஸ் வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கேட்கப்போவது சலுகை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வருஷம் முடியும்போது வட்டி முழுவதையும் கட்டுகிறோம். அதை வாங்கிக்கொண்டு கடனைப் புதுப்பித்துக் கொடுங்கள். முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

2024 அக்டோபரில் வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தது. பையனின் பாலிடெக்னிக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. ஐந்து சவரனை வைத்து 1,80,000 வாங்கினேன். என் சங்கிலி, இரண்டு வளையல், மாமியாரின் பழைய அட்டிகை. வருஷத்துக்கு 9 சதவீதம், 16,200 ரூபாய் வட்டி. அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத கதை, ஆனாலும் சொல்கிறேன். ஜாக்கெட் தைத்து வரும் கூலியில் தினமும் ஐம்பது ரூபாய் அரிசி டின்னுக்குள் போகும். எங்கள் பக்கம் இதற்குச் சிறுவாடு என்று பெயர். புளியும் மிளகாயும் விலை இறங்கும் மாசி, பங்குனியில் வருஷத்துக்கும் வாங்கி வைத்துவிடுவேன். சித்திரை வெயிலில் வடாம், வற்றல். ரேஷன் பாமாயிலும் துவரம் பருப்பும் வந்த அன்றே போய் வாங்கிவிடுவேன். டின்னில் இருக்கும் காசைக் காய்ச்சல் தலைவலிக்குக்கூட எடுக்க மாட்டேன். வட்டிக்கு என்றால் வட்டிக்குத்தான்.

2025 அக்டோபர் 14, தவணை நாள். செவ்வாய்க்கிழமை நகை கைமாறக் கூடாது என்பார் மாமியார். தேதி உங்களுடையது, நாங்கள் என்ன செய்வது? வட்டிப் பணத்தோடு காலையிலேயே வந்தேன். "வட்டி மட்டும் வாங்குறதில்லைம்மா. முதலையும் சேர்த்துக் கட்டி மீட்டுட்டு, மறுபடி புதுசா வைங்க" என்றார்கள்.

1,80,000 ரூபாய் கையில் இருந்தால் நான் ஏன் நகையை வைக்கப்போகிறேன் என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளை உங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். "மீட்கிறதுக்குப் பணம் வேணுமாக்கா? நூத்துக்கு ஒரு ரூபா, ஒரு நாளைக்கு" என்றார். ஒரு நாள்தானே, 1,800 தானே என்று தலையாட்டினேன்.

அவர் பணத்தையும் என் வட்டியையும் கட்டி நகையை வாங்க மணி இரண்டு ஆகிவிட்டது. மறுபடி வைக்கலாம் என்று திரும்பினால், நகையை எடை போட்டு மதிப்புப் பார்க்கும் அப்ரைசர் கிளம்பிப் போயிருந்தார். "நாளைக்கு வாங்கம்மா." அப்புறம்தான் அந்த ஆள் சொன்னார், பணம் திரும்பி வரும்வரை நகை அவரிடம்தான் இருக்குமாம். ஐயா, உங்கள் கிளைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள், உங்கள் நகைக்கு எங்கள் பெட்டகமே பாதுகாப்பு என்று. அந்தச் சுவருக்கு இருபதடி தள்ளி, பெயர்கூடத் தெரியாத ஒருவர் என் மாமியாரின் அட்டிகையை மஞ்சப்பையில் சுருட்டி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். ரசீது கிடையாது. எடை போடவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. மாமியாரிடம், நகை பேங்கில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் அவரிடம் மிச்சம் இருந்த ஒரே நகை அது.

புதன்கிழமை சர்வர் இல்லை. டோக்கனை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் அந்த ஆளும் மஞ்சப்பையும். வியாழன்தான் எடை போட்டார்கள். மூன்று நாள், 5,400 ரூபாய். உங்கள் வட்டிக் கணக்கில் மாதத்துக்கு 1,350. அப்படியென்றால் நாலு மாத வட்டியை மூன்று நாளில் டீக்கடைக்குக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில் தையல்காரி மூன்று நாள் மெஷினை மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருப்பார்கள்.

நீங்கள் சொல்லும் காரணம் தெரியும். 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது, கொஞ்சம் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பழைய நகைக்கடன்களையே நீட்டி உருட்டிவிடுகிறார்கள் என்று குறை சொன்னது. சரி. கடன் கெட்டுப்போனதை மறைக்க உருட்டுவது தப்புதான். ஆனால் நான் வட்டியை ஒரு பைசா குறையாமல் கொண்டுவந்தேன். ஈட்டுக்கும் குறைவில்லை. நான் வைத்தபோது சவரன் 57 ஆயிரத்துக்குப் பக்கம். மீட்ட அன்று 90 ஆயிரத்துக்கு மேல். 1,80,000 கடனுக்கு நாலு லட்சத்துக்கு மேல் பெறும் நகை உங்கள் பெட்டகத்தில் இருந்தது. அப்புறம் என்ன பயம்?

பயம் இல்லை என்பதும் அந்த வாரமே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை எடை போட்டு முடித்ததும் அதே மேசையில் இருந்தவர், "விலை ஏறியிருக்கும்மா, மூணு லட்சம்வரைக்கும் வாங்கிக்கலாமே" என்றார். பழைய கடனைத் தொடர விடமாட்டீர்களாம், புதுக் கடனைப் பெரிதாகத் தருவீர்களாம்! வேண்டாம் என்றேன். உடனே ஒரு இன்சூரன்ஸ் படிவம் நீட்டினார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். முகம் மாறியது.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். மினிமம் பேலன்ஸ் குறைந்தது என்று பிடிக்கிறீர்கள், மெசேஜ் அனுப்பினதற்கு என்று பிடிக்கிறீர்கள். சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள் என்று மகளிர் குழுக் கூட்டத்தில் வந்து பேசுகிறீர்கள். சேமிப்புக்கு எங்களுக்குத் தெரிந்த வழி இந்த ஐந்து சவரன்தான். போன வருஷம் யார் வீட்டில் சீட்டுப் பணம் போனது, யார் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தது என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டையும் நிறுத்தி வைத்தது உங்கள் பெட்டகத்தில் கிடக்கும் தங்கம்தான். 2025 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கியின் வரைவு விதியில், நகை வைப்பவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்களே, அப்போது எங்கள் தெருவே சிரித்தது. மாமியாருக்கு அவர் அம்மா போட்ட அட்டிகைக்கு அந்தக் காலத்துப் பத்தர் எந்த ஜிஎஸ்டி பில் கொடுத்திருப்பார்?

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூனில் இறுதி விதிகள் வந்தன. சேர்ந்த வட்டியைக் கட்டியபின் கடனைப் புதுப்பிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. கடன் ஒழுங்காக இருக்க வேண்டும், நகை மதிப்பின் வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டும் என் கடனுக்குப் பொருந்தும். விதிமுறைகளை அந்தந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் என் பெயரைத் தவிர எனக்குப் புரிந்தது ஒன்றுமில்லை. 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் இருந்ததே என்பீர்கள். அதற்குள் அமல்படுத்த வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை செய்யாதே என்று சொல்லவில்லை.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். வட்டி கட்டினால் புதுப்பித்துக் கொடுங்கள். யாராவது ஒருவருக்கு அது முடியவே முடியாது என்றால், மீட்பதும் திரும்ப வைப்பதும் அதே நாளில் அதே மேசையில் முடியும்படி பாருங்கள். அப்ரைசர் வராத நாளைக் காலையிலேயே வாசலில் எழுதிப் போடுங்கள். ஒரு சாக்பீஸ் செலவு. தள்ளுபடி கேட்கவில்லை. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன்வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது எங்கள் நகை உங்களிடம்தான் இருந்தது. அதற்காக நாங்கள் வருத்தப்பட்டோம்தான், உங்களிடம் வந்து கேட்கவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டுகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அரிசி டின்னில் மறுபடி ஐம்பது ரூபாய் விழ ஆரம்பித்துவிட்டது. அடுத்த தவணை 2026 அக்டோபரில். அன்றைக்கும் வட்டிப் பணத்தோடு காலையிலேயே வருவேன். டீக்கடைப் பக்கம் என்னை அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகைக்கடன் வரிசையில் நிற்கும் ஒருத்தி