ஏரிச் சீரமைப்புப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் ஒன்றியத்தில் நம் சங்கம் எடுத்துச் செய்த ஏரிச் சீரமைப்பு வேலை முடிந்து, ஒரு பருவமழையும் பார்த்தாயிற்று. நிர்வாகக் குழுவில் யாருக்கும் சம்பளமோ பயணப்படியோ கிடையாது என்பது தெரிந்ததே. குழுவினர் மண்வெட்டி பிடித்த நேரத்தைவிட அளவு நாடா பிடித்த நேரம்தான் அதிகம். அது அப்படித்தான் இருக்க வேண்டும். மண் அள்ள வாடகைக்கு வண்டி கிடைக்கும். அள்ளிய மண்ணுக்கு மட்டும் பணம் போகிறதா என்று நின்று பார்க்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அனுமதி

ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. நம்முடையது முதல் வகை என்பதால் விண்ணப்பம் வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக ஆட்சியர் அலுவலகம் போனது. கிராம சபைத் தீர்மானம், புல வரைபடம், அ-பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகல், பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு ஆகிய நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும். கிராம சபை வழக்கமாகக் கூடுவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில். கோடையில் வெட்ட நினைப்பவர்கள் மே 1 வரை காத்திருந்தால் அந்த வருஷம் போச்சு. நமக்கு 2024 அக்டோபர் 2 கூட்டத்திலேயே தீர்மானம் கிடைத்துவிட்டது.

ஆக்கிரமிப்பை ஜேசிபி நிற்கும்போதே சங்கமே எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அந்த அதிகாரம் நமக்கு இல்லை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணி, நீர்வளத் துறை ஏரிகளுக்கானது. நம் ஏரிக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் வட்டாட்சியர். நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் நட வைத்தோம், கல்லிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளித்தான் வெட்டினோம். எல்லைத் தகராறு உள்ள ஒரு மூலை வெட்டாமலே கிடக்கிறது. அதை வேலைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

மண் அளவு

மார்ச்சில் படுகை காய்ந்த பிறகு வேலை தொடங்கியது. 4.4 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 1.8 ஹெக்டேர், சராசரி 60 செ.மீ. ஆழம் வெட்டப்பட்டது. மொத்தம் 10,800 கன மீட்டர், அதாவது 1 கோடியே 8 லட்சம் லிட்டர் கூடுதல் கொள்ளளவு. இதில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ள பங்கு வயலுக்குப் பாயாது. அது நிலத்தில் ஊறவும் ஆடுமாடு குடிக்கவும்தான்.

ஒப்பந்தம் மணிக்கணக்கில் போடாமல் கன மீட்டர் கணக்கில் போட்டது வேண்டுமென்றே செய்தது. மணிக்கணக்கு என்றால் டிப்பர் வரும்வரை மண் வெட்டும் ஹிட்டாச்சி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும், மீட்டர் மட்டும் ஓடும். வண்டி எத்தனை முறை போனது என்று எண்ணும் நடைக்கணக்கிலும் சிக்கல் உண்டு. வெட்டிய மண் உதிர்ந்து 20 முதல் 30 சதவீதம் வரை பொங்கும். நம் 10,800 கன மீட்டர் 25 சதவீதம் பொங்கினால் வண்டியில் 13,500. மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பர் நடைக்கு 8.5 கன மீட்டர் ஏற்றும். கிட்டத்தட்ட 1,590 நடை. சீட்டை மட்டும் எண்ணிப் பணம் கொடுத்தால் 2,700 கன மீட்டர் காற்றுக்குக் கொடுத்ததாகிவிடும். அதனால் குழிக்கும் நடைச்சீட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றதும் யாரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது.

வெட்டும் முன்பும் பின்பும் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் லெவல் (தரை மட்ட அளவு) எடுக்கப்பட்டது. மதகின் கல்படியில் பெயிண்ட் அடித்த இடம்தான் இரண்டுக்கும் ஆதாரம். லெவல் கருவி புரியாதவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ள, நடுநடுவே வெட்டாமல் மண் திட்டுகள் விடப்பட்டன. இவற்றில்தான் வழக்கமான கைவரிசை நடக்கும். ஏற்கெனவே மேடாக இருந்த இடத்தில் திட்டு விட்டால் ஆழம் கூடுதலாகத் தெரியும். ஆகவே திட்டு எங்கே என்பதைக் குழுதான் குறிக்க வேண்டும். இன்னொன்று, உச்சியில் புதுமண் வைத்து உயரம் கூட்டுவது. திட்டின் தலையில் பழைய அருகம்புல் வேரோடு இருக்கிறதா என்று கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். புல் வேர் பிடித்து நின்றால் திட்டு பழையது. கையோடு வந்தால் அது நேற்று வைத்த மண்.

கரை அடியிலிருந்து 10 மீட்டருக்குள் பக்கெட் வைக்க விடவில்லை. அங்கே பள்ளம் விழுந்தால் ஏரி நிறையும்போது கரை உட்காரும். களிமண் அடுக்கு முடிந்து மொரம்பு (சரளை மண்) தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னோம். இன்னும் வெட்டினால் கிணறு ஊறும் என்ற பேச்சு உண்மைதான். ஆனால் மதகுப் பாசனத்துக்குத் தண்ணீர் நிற்காது. ஆயக்கட்டுதாரர்கள் கூடி நின்று வேண்டும் என்றது நிற்கும் தண்ணீரைத்தான்.

வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துப்போனார்கள். இப்படி எடுக்க ஏரியின் பெயர் மாவட்ட அரசிதழில் வந்திருக்க வேண்டும். விண்ணப்பித்து வட்டாட்சியர் அனுமதி பெற வேண்டும். ஏக்கருக்கு நஞ்சையில் 75, புஞ்சையில் 90 கன மீட்டர் வரைதான்.

கரையும் கோடியும்

கரைக்கு 2,000 கன மீட்டர் மண் போட்டு மேல்அகலம் 3 மீட்டர் ஆக்கப்பட்டது. வெறும் வண்டல் கரைக்கு ஆகாது. காய்ந்ததும் விரல் நுழையும் அளவு வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் முதல் தண்ணீர் இறங்கும். மேல்பக்க ஓரத்துச் செம்மண்ணோடு கலந்து போட்டோம். பழைய சரிவில் புல்லைச் செதுக்கி, படிபடியாக வெட்டி, அதன்மேல்தான் புதுமண். நேராகக் கொட்டினால் இரண்டும் ஒட்டாமல் முதல் மழையிலேயே பாளமாகச் சரியும். 20 செ.மீ. அடுக்கு, தண்ணீர், ரோலர். பிறகு அடுத்த அடுக்கு. ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து விட வேண்டும். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியானால் தண்ணீர் போதாது, அப்பிக்கொண்டால் ஒரு நாள் காய விட வேண்டும். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாம் தோண்டிக் குழைத்த களிமண்ணால் அடைக்கப்பட்டன.

கோடியை, அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழியை, ஒரு அடி உயர்த்தச் சொல்லி மனு வந்தது. குழு மறுத்துவிட்டது. கோடி உயர்ந்தால் மேல்பக்கத்துப் பட்டா நிலம் மூழ்கும், கரைத் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழையில் ஏரியைக் காப்பாற்றுவது தடையில்லாத கோடிதான். கோடிக்குக் கீழே ஓடையில் 80 மீட்டர் தூரம் புதர் எடுத்ததும் அதற்காகவே.

மதகில் திருகுத் தண்டும் அடைப்புப் பலகையும் மாற்றியாயிற்று, கசிவு நின்றுவிட்டது.

வரத்துக்கால்வாய்

ஏரியை எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் சாலைச் சிறுபாலத்தைப் பாருங்கள். சாலை போடப்போட அதன் தளம் உயர்ந்து, கால்வாய்ப் படுகை கீழே நிற்கும். நம் கால்வாயில் குழாய்ப் பாலம் ஒன்று பாதிக்கு மேல் மண் மூடிக் கிடந்தது. தளத்தில் கை வைக்கச் சாலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதால் மண்ணை மட்டும் எடுத்திருக்கிறோம். அடைப்பில் வந்ததில் பெரும்பங்கு தக்காளித் தோட்டத்து மல்ச்சிங் சீட்டும் (பாத்தி மூடும் பிளாஸ்டிக்) சொட்டுநீர்க் குழாயும்தான். பாலக்கோடு சந்தையை நம்பித் தக்காளி போடும் பகுதிக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. கால்வாய் வாயில் 6×4 மீட்டர், 1.2 மீட்டர் ஆழத்தில் மண்பிடி குழி எடுத்து இரும்பு வலை வைத்தாயிற்று. இரண்டு மழைக்கு ஒருமுறை வலையைச் சுத்தம் செய்யாவிட்டால் அந்த வலையே அணையாகிவிடும்.

சீமைக்கருவேலமும் பனையும்

சீமைக்கருவேலத்தை அறுத்து விட்டால் அடியிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். மரம் ஊராட்சியின் சொத்து: மதிப்பீடு வனத்துறை, ஏலம் ஊராட்சி, பணமும் அங்கேதான் போயிற்று. காயைத் தின்ற ஆட்டுப் புழுக்கையில் விதை உயிரோடு இருப்பதால் மழைக்குப் பிறகு கன்று முளைக்கத்தான் செய்யும். சாண் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் ஒரு இழுப்பு. மூன்று மாதம் விட்டால் கடப்பாரை வேண்டும். ஏரிக்குள் வேலைக்கு ஆள் இறங்கும் நாளில் மண் வண்டி ஓடக் கூடாது என்ற விதி கடைசிவரை கடைப்பிடிக்கப்பட்டது.

கரையின் வெளிப்பக்க அடியில் 3 மீட்டருக்கு ஒன்று என்று பனை விதை ஊன்றப்பட்டது. பனை முதலில் கீழேதான் இறங்கும், இலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். செத்துவிட்டது என்று மறுவிதை போட வேண்டாம். பொங்கல் சமயத்தில் கிழங்குக்காகத் தோண்டுபவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

வரவு செலவு

வரவு: ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதி ரூ.6,00,000, உறுப்பினர், பொதுமக்கள் நன்கொடை ரூ.3,88,500. ஆக ரூ.9,88,500.

செலவு: மண் வெட்டு 10,800 கன மீட்டர், ரூ.58 வீதம் ரூ.6,26,400; கரை பரப்பி இறுக்கியது ரூ.90,000, மதகு ரூ.84,000, கால்வாய், கோடி ஓடை, மண்பிடி குழி ரூ.1,12,600, பனை விதை, வேலி ரூ.27,000, அளவை, தண்ணீர்ப் பரிசோதனை, தணிக்கை ரூ.31,000. ஆக ரூ.9,71,000.

மீதி ரூ.17,500. வங்கியில் ரூ.89,140 இருப்பதற்குக் காரணம், மண் வேலை, கரை வேலைப் பட்டியலில் 10 சதவீதம், ரூ.71,640, பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்குப் பிறகு கரையில் இரண்டு இடத்தில் ஓடிய அரிப்பை ஒப்பந்தக்காரர் சரிசெய்ததும் அது அவருக்குப் போக வேண்டிய பணம்.

ஒருவருக்கு ஒரு நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அது அறச்செலவாக ஏற்கப்படாது. எல்லாம் வங்கி வழியாகவே போனது. தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீத வரிப் பிடித்தமும் செய்து கட்டியாயிற்று. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது, கோபிக்க வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவினர்களின் பணத்தையும் நம்மால் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியே வேலை பார்ப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம்.

மூன்று விலைப்புள்ளி வாங்கப்பட்டது. அதில் ஒன்று குழு உறுப்பினர் ஒருவரின் உறவினருடையது. அந்த உறுப்பினர் முடிவெடுத்த கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போனது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அளவு எடுத்தவர் காசோலையில் கையெழுத்திடவில்லை.

இந்த வேலையால் புளோரைடு தீர்ந்துவிடும் என்று நன்கொடை நோட்டீசில் போடச் சொன்னார்கள், குழு சேர்க்கவில்லை. நம் மாவட்டத்தில் புளோரைடு அடிப்பாறையிலிருந்து வருகிறது. ஏரி ஊற்றால் அது நீர்த்துப்போகலாம், ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் எல்லையோடு ஒப்பிட்ட பிறகுதான் எதுவும் பேசலாம்.

இனி

மண்பிடி குழியை ஜூனுக்குள் தூர்வார வேண்டும், மீதி ரூ.17,500 அதற்கே சரியாகப் போகும். சங்கப் பதிவுச் சட்டப்படி குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, நம் காலம் முடிகிறது. புதிய குழுவில் லெவல் எடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் கட்டாயம் இருக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அளவுப் புத்தகம், நடைச்சீட்டுகள், விலைப்புள்ளிகள், தீர்மானக் குறிப்பேடு எல்லாம் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

நிர்வாகக் குழு