மிஸ், இது உங்களுக்குத்தான்

பெயரைப் போட்டால் திட்டுவீர்கள். அதனால் காசிமேடு பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் எடுத்த மிஸ் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பேட்ச் பிள்ளைகளுக்கு அது போதும்.

அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். சட்டையில் வாசனை வருமோ என்று கடைசி பெஞ்சிலேயே உட்காருவேன். ஒருநாள் மிஸ் ஒரு டப்பாவில் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் போட்டு, தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்தார். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. உப்பு உறைநிலையை இறக்கிவிடும். ஐஸ் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சரியாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகுமாம். “ஐஸைப் பத்தித் தெரிஞ்ச ஆள் நீதானேடா, நீயே சொல்லு” என்று வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்தார். அதுவரை யாரும் என்னை எதுவும் தெரிந்த ஆள் என்று சொன்னதில்லை.

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை வாங்க வைத்து, பிரௌசிங் சென்டரில் கூடவே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டதும் மிஸ்தான். கெமிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தது. கட்டணத்தை அரசே கட்டியது. (கலந்தாய்வுக் கூத்து தனிக் கதை.)

இப்போது மணலியில் ஒரு ஆலையில் வேலை. முதல் சம்பளத்தில் எடுத்த புடவையை மிஸ் தொடக்கூட இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார், அதுக்கும் காசு கொடுக்கப் பார்த்தார். அடுத்த தடவை அம்மாவே நேரில் வருவாராம். ரொம்ப நன்றி மிஸ்.